பீரோவுக்குள் ஒரு விமானி ஜாக்கெட்

வாழ்நாளில் ஒரே ஒரு பொருளாவது கலப்படமில்லாத ஒரிஜினலாக வாங்கி வைத்துக்கொள்வது என்று போன ஆடி மாதம் ஒரு தீர்மானம் போட்டேன். அந்தத் தீர்மானம் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். வீட்டில் சொல்லிவிடாதீர்கள். வீட்டில் ஏற்கெனவே எல்லாம் தெரியும் என்பது வேறு விஷயம்.

என் பெயர் கலீபுல்லா. போடிநாயக்கனூரில் ஏலக்காய் வியாபாரம். ஏலத்தை ஏலத்தில் எடுத்து வெளியூருக்கு லோடு ஏற்றுகிறவன். முப்பது வருஷமாக என் தொழில் சந்தேகப்படுவது. சாம்பிள் தட்டு கைக்கு வந்தால் மேலே இருக்கிற காயைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன். அடியில் கையை விட்டு இரண்டு காயை எடுத்து உடைத்து, முகர்ந்து, கடித்து, அப்புறமும் தலையை ஆட்டுவேன். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தால் இன்னொரு டாக்டரிடம் காட்டுவேன். இரண்டு பேரும் ஒரே மாத்திரையைச் சொன்னால், இவர்கள் கூட்டு என்று மூன்றாவது டாக்டரிடம் போவேன். நிக்காஹ் முடிந்த அன்று, பெண் பார்க்கப் போனபோது காட்டியது இவளைத்தானா என்று கமர்நிசாவிடமே விளையாட்டாகக் கேட்டுவிட்டேன். இருபத்தாறு வருஷமாக அவள் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இப்படிப்பட்ட நான் ஆசைப்பட்டது ஒரு ஜாக்கெட்டுக்கு. அமெரிக்க விமானப்படைக்காரர்கள் குளிருக்குப் போட்டது. பெயர் எம்.ஏ. ஒன்று. வெளியே மங்கலான பச்சை. மூன்று வருஷம் மூட்டையில் கிடந்த ஏலக்காயின் நிறம். உள்ளே பளிச்சென்ற ஆரஞ்சு. விமானம் விழுந்து விமானி பிழைத்துக் கிடந்தால் இதைத் திருப்பிப் போட்டுக்கொள்வானாம். தேடி வருகிறவர்கள் கண்ணில் படுமாம். இடது கையில் பேனா செருகச் சின்னதாக ஒரு பை. கழுத்திலும் மணிக்கட்டிலும் இடுப்பிலும் காற்றுப் புகாமல் பின்னல் பட்டி.

இதையெல்லாம் போனில் ஒரு குழுவில் சேர்ந்து படித்தேன். இந்த ஜாக்கெட்டை நூலுக்கு நூல் நகலெடுத்துத் தைக்கிற கம்பெனிகள் உலகம் முழுக்க இருக்கின்றனவாம். நகலுக்கு 'ரீப்ரோ' என்று செல்லப் பெயர் வைத்துக் கொஞ்சுகிறார்கள். சிலர் அசலை விட்டுவிட்டு அதைத்தான் தேடி வாங்குகிறார்கள். எனக்கு அது வேண்டாம். டூப்பை நான் தினமும் மூட்டை மூட்டையாகப் பார்க்கிறேன்.

டில்லியில் ஒரு வியாபாரி அகப்பட்டார். 1961இல் தைத்து, யாருமே போடாமல் கிடங்கில் கிடந்த சரக்கு என்றார். நான்கு மாதம் அவரைக் கேள்வி கேட்டேன். ஜிப்பின் பல்லை ஒவ்வொன்றாகப் படம் எடுக்கச் சொன்னேன். ஓர் அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று எண்ணச் சொன்னேன். கடைசியில் அவர், "பாய் சாப், நீங்கள் வாங்க வேண்டாம், என்னை விட்டுவிடுங்கள்" என்று எழுதினார். விற்க இவ்வளவு தயங்குகிறவர் நல்ல சரக்குதான் வைத்திருப்பார் என்று உடனே வாங்கிவிட்டேன்.

கடை விலாசம்தான் கொடுத்திருந்தேன். கூரியர்காரர் கடை பூட்டியிருக்கிறதென்று வீட்டுக்கே வந்து, தெரு முனையிலிருந்து குரல் கொடுத்தார்.

"பாய்! உங்களுக்கு ஜாக்கெட்டு பார்சல்!"

எங்கள் பக்கத்தில் ஜாக்கெட் என்றால் சேலைக்குப் போடுவதுதான். நான்கு வீட்டு ஜன்னல் திறந்தது. கமர்நிசா வாசலுக்கு வந்தாள்.

"யாருக்கு ஜாக்கெட்டு?"

"எனக்குத்தான்."

"உங்களுக்கா? பஃப் கையா, சாதாக் கையா?"

"உள்ள வா, சொல்றேன். இது விமானி போடுறது. எம்.ஏ. ஒண்ணு."

"பத்தாவதையே ரெண்டு தடவ எழுதினீங்க. இதுல எம்.ஏ.வா?"

அதோடு பூகம்பம் வரும் என்று சுவரோரமாக நின்றேன். வரவில்லை. ஜாக்கெட்டைக் கையில் வாங்கினாள். உள்புறத்தைத் திருப்பினாள். ஓரத் தையலை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு மரியாதையை நான் பார்த்ததில்லை. என்னைப் பார்க்கும்போது நிச்சயமாகப் பார்த்ததில்லை.

கமர்நிசாவுக்கு வாசல் அறையில் தையல் மிஷின் இருக்கிறது. காய் எடுக்க மலைக்குப் போகிற பெண்கள்தான் வாடிக்கை. விடிவதற்குள் ஒரே ஜீப்பில் பதினாலு பேர் நெருக்கி ஏறிப் போடிமெட்டுக்குப் போகிறவர்கள். சேலைக்கு மேலே புருஷனுடைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வழியெல்லாம் நடுங்குவார்கள். குளிருக்கு ஏதாவது தைத்துக் கொடுங்கள் என்று பதினாலு பேரும் அவளிடம் சொல்லி வைத்திருந்தார்கள்.

"ஏங்க, இத ஒரு நாளு எனக்குக் குடுங்க," என்றாள். "தையலப் பிரிச்சு உள்ள பாத்துட்டு, அதே மாதிரி கோத்துத் தந்துர்றேன்."

"பிரிக்கிறதா? அறுபது வருசத்துத் தையலு! பிரிச்சா அது ஒரிஜினலே இல்ல, வெறும் துணி!"

"கழுத்துப் பட்டிக்குள்ள என்னமோ வச்சுத் தைச்சிருக்கான். அது தெரிஞ்சாத்தான் காத்து போகாமத் தைக்கலாம். மழையும் பனியுமா அவளுக பாவம் விறைச்சுப் போறாளுக."

"முடியாதுன்னா முடியாது."

"சரி."

அந்த 'சரி'தான் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. கமர்நிசா ஒரே தடவையில் சரி என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஜாக்கெட்டை பீரோவில் வைத்துப் பூட்டினேன். நாலைந்து அந்துருண்டை போட்டேன். சாவியை இடுப்புப் பச்சை பெல்ட்டின் பைக்குள் வைத்துப் பித்தானை மாட்டினேன்.

நான்காம் நாள் தையல் மிஷின் அடியில் ஆரஞ்சு நூல் கிடந்தது. கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் விசாரணையை ஆரம்பித்தேன்.

"பீரோவத் தொறந்தியா?"

"தொறந்தேன்."

"சாவி?"

"பெல்ட்டோடவா குளிக்கிறீங்க?"

"எடுத்து என்ன பண்ணுன?"

"அளவு எடுத்தேன். அதே அளவுல ஒண்ணு தைச்சேன். மலைக்கு ஜீப்புல போற ரோஜாவுக்குப் போட்டுப் பாக்கக் குடுத்தேன். உங்களத திரும்ப பீரோல வச்சிட்டேன். பிரிக்கல. நீங்கதான் வேணாம்னுட்டீங்களே."

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்கிற ஆளை நான் நம்புவதே கிடையாது. சொத்தை மூட்டை ஒன்றைத் தானாக முன்வந்து காட்டுகிற தோட்டக்காரர் உள்ளே பத்து மூட்டையை மறைத்திருப்பார். இது என் அனுபவம். அதனால் ஒரு பொறி வைத்தேன். ஜாக்கெட் கையிலிருந்த பேனாப் பைக்குள் ஏழு ஏலக்காயை எண்ணிப் போட்டேன். ஒன்று குறைந்தாலும் பீரோ திறந்த குட்டு வெளிப்பட்டுவிடும். அப்புறம் வேண்டுமென்றே அரைமணி நேரம் குளித்தேன்.

வந்து எண்ணினேன். எட்டு இருந்தது.

மறுபடி எண்ணினேன். எட்டேதான். என் சரக்கில் காய் காணாமல் போனது உண்டு. கூடியது இதுவே முதல் தடவை. ஈரத் தலையோடு வாசல் அறைக்கு ஓடினேன்.

"இதுல எட்டு எப்படி வந்துச்சு?"

"நீங்க போட்டதுல ஒண்ணு சொத்தை," என்றாள், மிஷினை நிறுத்தாமல். "அத எடுத்துப் போட்டுட்டு நல்ல காயா ரெண்டு வச்சேன். வியாபாரி வீட்டுல சொத்தக் காய் இருந்தா யாராச்சும் பாத்தா என்ன நெனப்பாங்க? கைப்பட்டியோட அகலத்த இன்னொரு தடவ பாக்க வேண்டியிருந்துச்சு. சோலி முடிஞ்சுது, இனிமே தொறக்கல."

மறுநாளிலிருந்து பெல்ட்டோடு குளித்தேன்.

இந்த நிலையில் பக்கத்து வீட்டுச் சோலைமலை அண்ணனிடம் ஜாக்கெட்டைக் காட்டியது என் போதாத காலம். அவர் பட்டாளத்தில் இருபது வருஷம் இருந்து வந்தவர். அங்கே துப்பாக்கி பிடித்ததைவிடக் கோட்டு விநியோகம் செய்ததுதான் அதிகம். தடவிப் பார்த்தார். மடக்கிப் பார்த்தார்.

"பாய், அறுபது வருசத்துச் சரக்கு இப்பிடி மொடமொடன்னா இருக்கும்?"

"யாரும் போடாத ஸ்டாக்கு அண்ணே."

"இருக்கலாம்," என்றார்.

'இல்லை' என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். 'இருக்கலாம்' என்றால் என்ன செய்வது? அன்று மதியம் சோறு இறங்கவில்லை. அசலை ரோஜாவுக்குக் கொடுத்துவிட்டு, புதிதாகத் தைத்த டூப்பை என் பீரோவில் வைத்துவிட்டாளோ? பிரிப்பதற்காக அசல் வேண்டும், நான் தரமாட்டேன், ஆக மாற்றிவிட்டால் போயிற்று. கணக்கு அழகாகச் சரிவந்தது.

"கமரு, உண்மையச் சொல்லு. பீரோல இருக்கறது யார் தைச்சது?"

"வெள்ளக்காரன் தைச்சது. உங்களது."

"சத்தியமா?"

"அல்லா அறிய உங்களதுதாங்க."

"இவ்வளவு வெரசா சத்தியம் பண்றியே?"

"மெதுவாப் பண்ணா மட்டும் நம்பிருவீங்களா?"

இரண்டு வாரம் இப்படியே போயிற்று. நான் பீரோவைப் பார்ப்பேன். அவள் என்னைப் பார்த்துச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் சந்தேகம் இன்னும் ஒரு படி ஏறும்.

மார்கழியில் ஒருநாள் விடியற்காலை பஜ்ரு தொழுதுவிட்டு ஜீப் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். மலைக்குப் போகிற ஜீப்பில் ரோஜா ஏறினாள். மேலே பச்சை ஜாக்கெட். அளவு பெரிதாக இருந்ததால் கையைச் சுருட்டி விட்டிருந்தாள். உள்ளே ஆரஞ்சு தெரிந்தது. டீயை வைத்துவிட்டு எழுந்தேன். தோள்பட்டை வெளுத்திருந்தது. மணிக்கட்டுப் பட்டி பிசிறடித்திருந்தது. முழங்கைக்குக் கீழே வட்டமாக ஒரு சின்ன ஓட்டை. கறை, அழுக்கு, சுருக்கம், எல்லாமே இருந்தது. குழுவில் படித்துப் படித்து நான் ஏங்கிய பழமை அத்தனையும் அந்த ஒரே உடம்பில் ஏறி உட்கார்ந்திருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் ஜீப்பு கிளம்பிவிட்டது.

வீட்டுக்கு ஓடினேன். பீரோவைத் திறந்தேன். டூப்புக்கு எதற்கு மரியாதை என்று அதையே உதறிப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன். அடிவாரத்து முந்தல் தாண்டியதும் மலை ஆரம்பித்தது. பதினேழு கொண்டை ஊசி வளைவு. பனி முகத்தில் அடித்தது. மீசை நனைந்து சொட்டியது. ஆனால் கழுத்துக்குக் கீழே ஒரு துளி குளிர் தெரியவேண்டுமே! பட்டியைத் தாண்டிக் காற்று ஒரு விரற்கடைகூட உள்ளே வரவில்லை. என்ன இருந்தாலும் என் பெண்டாட்டியின் கைத்திறமை என்று மனசுக்குள் பாராட்டிக்கொண்டேன்.

போடிமெட்டில் ஜீப்பைப் பிடித்துவிட்டேன். பெண்கள் இறங்கி, கடையில் சாயா குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ரோஜா, அந்த ஜாக்கெட்ட ஒரு நிமிசம் காட்டு ஆத்தா."

"என்னண்ணே, விடியக்காலம் இம்புட்டுத் தூரம்? அக்காவுக்கு ஒண்ணுமில்லயே?"

"அவளுக்கு ஒண்ணும் ஆகாது. இது எது?"

"அக்கா தைச்சுக் குடுத்தது. மூணு வாரமாப் போடுறேன்."

"மூணு வாரத்துல தோளு இப்பிடி வெளுக்குமா?"

"கூடை தூக்குற தோளுண்ணே. பிளீச்சிங் தண்ணியில வேற துவைச்சுப்புட்டேன். அக்காகிட்டச் சொல்லிராதீக."

"இந்த ஓட்ட?"

"காய் வாட்டுற ஸ்டோர்ல அடுப்புப் பொறி பட்டுப்போச்சு."

பாவம், அவளுக்கு என்ன தெரியும்! அந்த ஓட்டையில் சுண்டு விரலை விட்டுப் பார்த்தேன். குண்டு பாய்ந்த ஓட்டை. ஏதோ ஒரு வானத்தில், ஏதோ ஒரு விமானியின் கையை உரசிக்கொண்டு போன குண்டு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. யாரும் போடாத ஸ்டாக் என்று டில்லிக்காரர் சொன்னது அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது. வியாபாரி சொன்னதை எவன் நம்புவான்?

"ஆத்தா, நான் போட்டிருக்கறது புத்தம்புதுசு. இத நீ எடுத்துக்க. அத எனக்குக் குடு."

ரோஜா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அக்காவ ஒரு வார்த்தை கேட்டுக்கிறேண்ணே. பெறகு என்னையக் குத்தம் சொல்லப்படாது."

போனை எடுத்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள். மற்ற பதிமூன்று பெண்களும் சாயா கிளாசோடு நெருங்கி வந்தார்கள்.

"அக்கா, அண்ணன் வந்து நிக்கிறாரு. என் ஜாக்கெட்டு வேணுமாம். அவரு போட்டிருக்கறத எனக்குத் தர்றாராம்."

அந்தப் பக்கம் தையல் மிஷின் ஓடுகிற சத்தம் நின்றது. அப்புறம் கமர்நிசாவின் குரல் வந்தது.

"ஏங்க, நீங்க போட்டிருக்கறதுதான் ஒரிஜினலு. ரோஜா போட்டிருக்கறது நான் தைச்சது. மாத்தாதீங்க."

ஆகா! அகப்பட்டாளா இல்லையா? மாற்றாதே என்று அவள் பதறுகிறாள் என்றால் மாற்றுவதில் எனக்கு லாபம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்!

"நான் மாத்தத்தான் போறேன்."

"கழுத்து வழியா காத்து போகுதுங்க அதுல. இன்னும் சரியா வரல."

"போகட்டும்."

"மாத்தினதுக்கப்பறம் அது ரோஜாவோடது. திரும்பக் கேக்கக் கூடாது. பதினாலு பேரு சாட்சி."

"கேக்க மாட்டேன். எல்லாரும் கேட்டுக்கங்க, கலீபுல்லா வாக்கு மாறமாட்டான்!"

"சரி," என்றாள் கமர்நிசா.

வெற்றி மயக்கத்தில் அந்த இரண்டாவது 'சரி' என் காதில் சரியாக விழவில்லை.

இறங்கும்போது காற்று கழுத்து வழியாக நுழைந்து முதுகு முழுக்க உலாவிவிட்டு இடுப்பு வழியாக வெளியே போயிற்று. பத்தாவது வளைவில் பல் தந்தியடித்தது. இதைப் போட்டுக்கொண்டா அந்த மனிதர்கள் அவ்வளவு உயரத்தில் பறந்தார்கள் என்று நினைத்து நினைத்து உருகினேன். கஷ்டப்படாமல் ஒரிஜினல் வருமா? தும்மிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

"மாத்திட்டீங்களா?" என்று கேட்டாள்.

"மாத்திட்டேன்."

"மிளகு ரசம் வச்சிருக்கேன். குடிச்சிட்டுப் படுங்க."

தோற்றவர்களிடம் பெருந்தன்மையாக நடந்துகொள்ள வேண்டும் என்று நான் மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. ஜாக்கெட்டைப் படம் எடுத்துக் குழுவில் போட்டேன். ஓட்டையைத் தனியாக, கிட்டத்தில் ஒரு படம். ஷில்லாங்கில் இருக்கிற பெரிய நிபுணர் ஒருவர் பத்தே நிமிஷத்தில், "நூற்றுக்கு நூறு அசல். இந்த வெளுப்பை எவனாலும் நகலெடுக்க முடியாது" என்று எழுதினார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் சொன்னதை இரண்டாவது ஆளிடம் விசாரிக்காமல் நம்பினேன்.

மறுநாள் மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். வாசல் அறையில் பாய் விரித்திருந்தது. பாய் நிறையப் பச்சையும் ஆரஞ்சுமாகத் துணித் துண்டுகள். ஒவ்வொன்றிலும் சாக்குக்கட்டியால் நம்பர். நடுவில் கமர்நிசா சின்னக் கத்தரியோடு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன இது?"

"நேத்து நீங்க குடுத்தது. ராத்திரி ஜீப்ப விட்டு எறங்கி நேரா இங்கதான் வந்தா ரோஜா. உன்னோட ஜாக்கெட்டு, பிரிச்சுக்கட்டுமா தாயின்னேன். தாராளமாப் பிரிங்கக்கான்னுட்டா."

"டூப்பத்தான பிரிச்ச? பிரி, பிரி," என்றேன்.

அவள் கழுத்துத் துண்டை எடுத்து உள்பக்கம் திருப்பி என் கையில் கொடுத்தாள். இரண்டு துணிக்கு நடுவில், வெளியே யார் கண்ணுக்கும் தெரியாத இடத்தில், கறுப்பு மையில் ஒரு முத்திரை. ஆங்கிலத்தில் 'பரிசோதிக்கப்பட்டது'. கீழே ஒரு நம்பர். அதற்கும் கீழே 1961.

நான்கு மாதம் டில்லிக்காரரை உயிரை எடுத்துக் கேட்ட அத்தாட்சி. அது உள்ளே இருந்திருக்கிறது. பிரித்தால்தான் தெரியும். நான் பாயிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"மாத்தாதீங்கன்னு போன்லயே சொன்னேனே," என்றாள்.

"நீ தடுத்திருக்கணும் கமரு!"

"வேற எப்படித் தடுக்கறது? உள்ளதச் சொன்னேன். மொத நாள்லேருந்தே உள்ளதத்தான் சொன்னேன். நீங்க எதையும் நம்பலன்னா நான் என்ன செய்ய? நம்ப மாட்டீங்கன்னு எனக்கு நல்லாத் தெரியும், அது வேற." சிரித்தாள். "பட்டிக்குள்ள இன்னொரு மடிப்பு வச்சிருக்கான் பாருங்க. அதான் காத்து போகல. இனிமே பதினாலு பேருக்கும் கண்ண மூடிட்டுத் தைச்சிருவேன்."

"திரும்ப அதே மாதிரி கோத்துருவியா?" என்று கேட்டேன்.

"ஓ, கோத்துருவேனே. ரோஜாவுக்கு."

"அப்ப எனக்கு?"

"உங்ககிட்டத்தான் நான் தைச்சது இருக்கே. மலைக்கு அது ஆகாது. போடிக்குள்ள போட்டுக்கிட்டுத் திரியலாம்." கத்தரியைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள். "இப்பவாச்சும் நம்புறீங்களா, நீங்க வாங்குனது ஒரிஜினல்தான்னு?"

"நம்புறேன்."

"அப்ப அந்தக் கைய இழுத்துப் பிடிங்க. அது ஒண்ணுதான் இன்னும் பிரிக்கல."

இழுத்துப் பிடித்தேன்.